பிள்ளைப் பருவத் துன்பமும் இருமுனை மனநோயும்

உடலில் தோன்றும் நோய் ஒன்று, உள்ளத்தில் தோன்றும் நோய் வேறொன்று எனப் பிரித்துக் காண்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். காய்ச்சல் கண்டவனை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் குடும்பம், பல நாள் உறங்காமல் ஓயாது பேசிக்கொண்டிருப்பவனையோ, எழுந்து முகம் கழுவவும் மனமின்றிப் படுத்துக் கிடப்பவனையோ அவ்வாறு அழைத்துச் செல்வதில்லை. முன்னவனுக்கு இரக்கம் கிடைக்கிறது. பின்னவனுக்கு அறிவுரையும் ஏச்சும் கிடைக்கின்றன.

இவ்விரண்டிற்கும் இடையே நாம் எழுப்பிவைத்துள்ள சுவர் உறுதியானதன்று என்பதைக் கடந்த முப்பது ஆண்டுக்கால மருத்துவ ஆய்வுகள் எடுத்துக்காட்டுகின்றன. அதற்குத் தக்க சான்றாக விளங்குவது இருமுனை மனநோயாகும். ஆங்கிலத்தில் பைபோலார் டிஸார்டர் என வழங்கப்பெறும் இந்நோயின் போக்கினைப் பிள்ளைப் பருவத்தில் நேர்ந்த துன்பங்கள் எவ்வாறு மாற்றுகின்றன, அவை உடலையும் மனநிலையையும் எவ்வழியில் தாக்குகின்றன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

இன்பமும் துன்பமும் மாறி மாறி வருவது மனித இயற்கை. காலையில் மகிழ்ந்திருந்தவர் மாலையில் சோர்ந்திருப்பதை நோய் எனக் கூறுதல் பொருந்தாது. இருமுனை மனநோயில் மனநிலை இரண்டு எல்லைகளுக்குச் சென்று, அங்கே நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நிலைத்துவிடுகிறது.

ஒரு முனை மிகை எழுச்சி. இந்நிலையில் நோயாளிக்கு உறக்கம் மிகக் குறைகிறது. ஆயினும் களைப்புத் தோன்றுவதில்லை. பேச்சு பெருகுகிறது; எண்ணங்கள் ஒன்றையொன்று முந்துகின்றன. தம்மால் ஆகாதது எதுவுமில்லை என்னும் பெருமித உணர்வு மேலிடுகிறது. சேமிப்பு முழுவதையும் ஒரே நாளில் செலவிடுதல், முன்பின் ஆராயாது கடன்படுதல், சிறு தடைக்கும் கடுஞ்சினங்கொள்ளுதல் ஆகியவை நிகழ்கின்றன. இந்நிலை குறைந்தது ஒரு வாரமேனும் நீடித்தால், அல்லது மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய அளவிற்கு முற்றினால், மருத்துவர் அதனை மிகை எழுச்சி எனக் கணிக்கின்றனர். மற்றொரு முனை உளச்சோர்வு. இரண்டு வாரமேனும் நீடிக்கும் இந்நிலையில் பசி, உறக்கம், ஆர்வம், நம்பிக்கை ஆகிய அனைத்தும் குன்றுகின்றன. தற்கொலை எண்ணமும் தலைதூக்குவதுண்டு.

முழு அளவிலான மிகை எழுச்சி தோன்றுவதை முதல் வகை எனவும், மிதமான எழுச்சியும் கடும் சோர்வும் மாறி வருவதை இரண்டாம் வகை எனவும் பகுப்பர். நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. ஒருவர் கல்லூரியில் பயிலும் பருவமும் நோய் வெளிப்படும் பருவமும் ஒன்றாக அமைதல் ஆசிரியர்கள் நினைவிற்கொள்ளத்தக்கது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கீட்டின்படி 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர்.

பழைய அறிவும் புதிய பெயரும்

இந்நோய் இக்காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. கப்பதோக்கியா நாட்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் அரெட்டேயஸ் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்னரே, சோர்வும் வெறியும் ஒரே மனிதரிடம் மாறி மாறித் தோன்றக் கூடும் எனக் குறித்துள்ளார். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவின் கைரவான் நகரில் வாழ்ந்த மருத்துவ அறிஞர் இஸ்ஹாக் இப்னு இம்ரான் உளச்சோர்வு பற்றி அரபு மொழியில் தனி நூலொன்று இயற்றினார். அன்பிற்குரியோரை இழத்தல், கற்றறிந்த ஒருவர் தம் நூல்களை இழத்தல் போன்ற இழப்புகளும் அந்நோய்க்குக் காரணமாகலாம் என்பது அவர் கருத்து. உடலின் நீர்மங்களையே நோய்க்கு முதற்காரணமாகக் கொண்ட காலத்தில், வாழ்க்கையில் நேரும் துயரமும் நோயை விளைவிக்கும் என அவர் கண்டமை வியந்து போற்றத்தக்கது. அந்நூல் பதினோராம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பெற்று ஐரோப்பாவை அடைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சு நாட்டு மருத்துவர் ஃபால்ரே இதனைச் சுழல்நோய் என்னும் பொருள்படும் பெயரால் குறித்தார். ஜெர்மானிய அறிஞர் எமில் கிரேப்பலின் 1899இல் வெளியான தம் பாடநூற் பதிப்பில் எழுச்சியையும் சோர்வையும் ஒரே நோயின் இரு தோற்றங்களாக வகுத்தார். இருமுனை என்னும் பாகுபாட்டைக் கார்ல் லியோன்ஹார்டு 1957இல் முன்வைத்தார். 1980 முதல் அப்பெயரே மருத்துவ வழக்கில் நிலைபெற்றது.

பிள்ளைப் பருவத் துன்பம் என்பது யாது?

குழந்தைப் பருவத்துத் துன்பத்தை அளந்தறியும் முயற்சிகளுள் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடைபெற்ற ஆய்வாகும். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகிய மருத்துவர்கள் அதனை வழிநடத்தினர். முதற்கட்ட முடிவுகள் 1998இல் வெளிவந்தன; இரு கட்டங்களிலும் சேர்த்து 17,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். உடலளவில் துன்புறுத்தப்படுதல், பாலியல் கொடுமை, இழிசொற்களாலும் அச்சுறுத்தலாலும் வதைக்கப்படுதல், அன்பும் பராமரிப்பும் கிட்டாமை, தாய் அடிக்கப்படுவதைக் காணுதல், குடிப்பழக்கமோ மனநோயோ உள்ளவருடன் ஒரே வீட்டில் வளர்தல், பெற்றோர் பிரிதல், குடும்பத்தினர் சிறை செல்லுதல் ஆகியவை அங்குத் துன்ப வகைகளாகக் கொள்ளப்பட்டன.

பங்கேற்றோர் மருத்துவக் காப்பீடு பெற்றிருந்த நடுத்தர வகுப்பினரே. அவர்களுள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு வகைத் துன்பத்தையேனும் பட்டிருந்தனர். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களுக்கு ஆளானோரிடம் குடிப்பழக்கம், உளச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை துன்பம் அறியாதவரினும் 4 முதல் 12 மடங்கு வரை மிகுந்திருந்தன. அத்துடன் இதயநோய், நுரையீரல் நோய், கல்லீரல் நோய் ஆகியவையும் துன்பத்தின் அளவிற்கேற்ப உயர்ந்திருந்தமை மருத்துவ உலகை விழிக்கச் செய்தது. வறியோர் குடிலில் மட்டுமே குழந்தைகள் துன்புறுகின்றனர் என்னும் எண்ணமும் அத்துடன் தகர்ந்தது.

ஆய்வுகள் காட்டும் தொடர்பு

இருமுனை மனநோய்க்கும் இத்துன்பங்களுக்கும் உள்ள தொடர்பினை ஆராய்ந்த 19 ஆய்வுகளைத் தொகுத்து, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுவினர் 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நோயற்றவருடன் ஒப்பிடுகையில், இருமுனை மனநோயாளர் பிள்ளைப் பருவத்தில் துன்புற்றிருக்கும் வாய்ப்பு விகிதம் 2.63 மடங்காக இருந்தது. அதே ஆண்டில் இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 30 ஆய்வுகளைத் தொகுத்து வேறொரு வினாவிற்கு விடை கண்டனர். நோயுற்றவர்களுக்குள்ளேயே, இளமையில் துன்புற்றோருக்கும் அவ்வாறு துன்புறாதோருக்கும் நோய்ப்போக்கில் வேறுபாடு உண்டா என்பதே அவ்வினா.

வேறுபாடு உண்டு என்பதே விடை. துன்புற்றோருக்கு நோய் இளவயதிலேயே தொடங்குகிறது. எழுச்சியும் சோர்வும் கடுமையாக இருக்கின்றன. அடிக்கடி திரும்பி வருகின்றன. மெய்ம்மையை உணரும் ஆற்றல் பிறழ்தல், பதற்றநோய், போதைப்பழக்கம் ஆகியவை உடன் சேர்கின்றன. தற்கொலை முயற்சியும் மிகுதியாகக் காணப்படுகிறது. பிரான்சு, நார்வே ஆகிய நாடுகளைச் சேர்ந்த 587 நோயாளரிடம் நிகழ்த்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வும் இதனையொத்த முடிவுகளையே தந்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. துன்பமே இந்நோயை உண்டாக்குகிறது எனக் கூறிவிடுதல் பிழையாகும். இருமுனை மனநோய் மரபுவழியுடன் நெருங்கிய தொடர்புடையது. மனநோய்களுள் மரபணுவின் பங்கு மிகுதியாக உள்ளவற்றுள் இதுவும் ஒன்று. அன்பிற் குறைவில்லாத இல்லத்தில் வளர்ந்தோரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். கொடுந்துன்பத்தில் வளர்ந்தோருள் மிகப் பலர் ஆளாவதில்லை. எனவே, ஒருவர் நோயுற்றார் என்பதனாலேயே அவர்தம் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் அறமும் ஆகாது, அறிவியலும் ஆகாது.

மேலும், பெற்றோருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் மரபணுவும் குடும்ப அமைதியின்மையும் சேர்ந்தே குழந்தையை வந்தடைகின்றன. அவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று. இவ்வாய்வுகளுட் பெரும்பாலானவை வளர்ந்தோரின் நினைவை நம்பி நிற்பவை என்பதையும் மறத்தலாகாது. விதையின் இயல்பும் நிலத்தின் இயல்பும் கூடியே பயிரின் போக்கை முடிவுசெய்கின்றன. மரபு விதை எனின், பிள்ளைப் பருவம் நிலம் எனலாம்.

சொற்புண்

மேற்கூறிய மான்செஸ்டர் தொகுப்பாய்வில் ஒரு செய்தி தனித்து நோக்கத்தக்கது. துன்ப வகைகளுள் இந்நோயுடன் மிகவலுவான தொடர்பு கொண்டதாகக் காணப்பட்டது உணர்வுவதையாகும். அதன் வாய்ப்பு விகிதம் 4.04 மடங்கு. இழித்துரைத்தல், பலர் முன்னிலையில் நாணச்செய்தல், ஓயாது அச்சுறுத்தல், நீ பிறவாமலே இருந்திருக்கலாம் என்பது போலப் பேசுதல் ஆகியவை இவ்வகையில் அடங்கும். அமெரிக்கா, நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் நோயாளரை ஆராய்ந்த ராபர்ட் போஸ்ட் குழுவினரும், உடலையும் பாலியல் நிலையையும் தாக்கும் கொடுமைகளைப் போலவே சொல்லால் நிகழும் கொடுமையும் நோய் முன்கூட்டித் தொடங்குவதுடன் தொடர்புடையது எனக் கண்டனர்.

தீயினால் விளைந்த புண்ணினும் சொல்லினால் விளைந்த புண் ஆறுதற்கு அரியது என்னும் உண்மையைத் திருவள்ளுவர் காலந்தொட்டே தமிழர் அறிவர். ஆயினும், பிள்ளைகளை அடிக்காமல் வளர்த்தோம், வாயால்தானே திட்டினோம் எனப் பெற்றோர் பலர் அமைதிகொள்வதைக் காண்கிறோம். அவ்வமைதிக்கு இடமில்லை என்பதே இவ்வாய்வுகள் உணர்த்தும் செய்தி.

துன்பம் உடலினுள் புகும் வழிகள்

எப்போதோ கேட்ட ஒரு சொல், எப்போதோ பட்ட ஓர் அடி, இருபது ஆண்டுகள் கடந்தும் உடலில் எவ்வாறு தங்கக் கூடும்? இவ்வினாவிற்கு விடை உடலின் அச்ச ஏற்பாட்டில் உள்ளது.

இடர் நேருங்கால் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணையிடுகிறது. அது சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவை கார்ட்டிசால் என்னும் இயக்குநீரைச் சுரக்கின்றன. இதனால் இரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது. உடல் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ ஆயத்தமாகிறது. இடர் நீங்கியதும், போதிய அளவு சுரந்துவிட்டது என்பதை மூளை தானே உணர்ந்து சுரப்பை நிறுத்துகிறது. வீட்டில் அடுப்பை மூட்டவும் அணைக்கவும் தெரிந்த ஒருவர் இருப்பது போன்றது இவ்வேற்பாடு.

நாள்தோறும் அச்சத்திலேயே வளரும் குழந்தையிடம் இவ்வேற்பாடு தடுமாறுகிறது. அடுப்பு மூட்டப்படுகிறது, அணைக்கும் கை தளர்ந்துவிடுகிறது. சிலரிடம் கார்ட்டிசால் அளவிற்கு மேல் சுரக்கிறது. சிலரிடம் நெடுநாள் உழைப்பால் சுரப்பு மங்கிவிடுவதும் உண்டு. இருமுனை மனநோயாளரிடம் கார்ட்டிசால் அளவு சராசரியில் உயர்ந்திருப்பதை ஆய்வுகள் பலவும் தெரிவிக்கின்றன. இளமைத் துன்பமும் நோயும் ஒரே ஏற்பாட்டைத் தாக்குகின்றன என்பது இதனாற் புலப்படும்.

அணைக்கும் கை தளர்வது எவ்வாறு என்பதனைக் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி குழுவினர் எலிகளைக் கொண்டு விளக்கினர். தம் குட்டிகளை மிகுதியாக நக்கிப் பேணும் தாய் எலிகளின் குட்டிகள் வளர்ந்தபின் அமைதியாக இருந்தன. பேணாத தாய்களின் குட்டிகள் சிறு இடருக்கும் பெரிதும் கலங்கின. பேணாத தாய் ஈன்ற குட்டியைப் பேணும் தாயிடம் வளரவிட்டபோது அதுவும் அமைதியுற்றது. கார்ட்டிசாலை உணரும் ஏற்பிக்குரிய மரபணுவின் மீது படியும் வேதிக்குறிகள் பேணுதலுக்கேற்ப மாறியிருந்தன என்பதை 2004இல் அவர்கள் மெய்ப்பித்தனர். மரபணுவின் எழுத்து மாறவில்லை. அது படிக்கப்படும் முறை மாறியிருந்தது.

மனிதரிடத்தும் இதனையொத்த நிலை உண்டு என்பதற்கான சான்று 2009இல் கிட்டியது. மாண்ட்ரியாலில் 36 பேரின் மூளைகள் ஆராயப்பட்டன. பிள்ளைப் பருவக் கொடுமைக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டோர் 12 பேர், கொடுமை அறியாது தற்கொலை செய்துகொண்டோர் 12 பேர், பிற காரணங்களால் இறந்தோர் 12 பேர். முதற்பிரிவினரின் மூளையில், நினைவிற்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில், அதே ஏற்பியின் மரபணு அடக்கப்பட்டிருந்தது. மற்ற இரு பிரிவினரிடம் அவ்வாறு இல்லை. இறப்பின் தன்மையைக் காட்டிலும் இளமையின் தன்மையே அங்குப் பதிந்திருந்தது.

இரண்டாம் வழி அழற்சி. புண்ணோ கிருமியோ நேர்ந்தால் உடல் சிவந்து வீங்கிப் போராடுவது இயல்பு. புறப்பகை எதுவும் இல்லாதபோதும் இப்போராட்டம் உள்ளுக்குள் மெல்ல நடந்துகொண்டிருப்பின் அது தீங்காகும். நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், முதல் பத்தாண்டுகளில் கொடுமைக்குள்ளானோரின் இரத்தத்தில், 32ஆம் வயதிலும் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் உயர்ந்திருந்தமை 2007இல் தெரியவந்தது. பிற்கால வறுமை, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கிற்கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு மறையவில்லை. இருமுனை மனநோயாளரிடமும், குறிப்பாக நோய் மேலெழும் காலங்களில், அழற்சிக் குறிகள் உயர்கின்றன. அழற்சிப் பொருள்கள் மூளையையும் எட்டி உறக்கம், பசி, ஊக்கம் ஆகியவற்றை மாற்றவல்லவை. காய்ச்சல் கண்ட நாளில் எதிலும் நாட்டமின்றிச் சுருண்டு படுப்பதை நினைவுகூரின், அழற்சி மனநிலையை மாற்றுவது வியப்பாகத் தோன்றாது.

மூன்றாம் வழி உறக்கம். அச்சம் மிகுந்த இல்லத்தில் வளரும் குழந்தை ஆழ்ந்து உறங்குவதில்லை. அரவங்கேட்டு விழிப்பது அதற்குப் பழக்கமாகிவிடுகிறது. இருமுனை மனநோயிலோ உறக்கக் குறைவு நோயின் அறிகுறியாக இருப்பதோடு, நோயைத் தூண்டும் காரணமாகவும் அமைகிறது. ஓரிரு இரவுகள் உறக்கம் கெட்டதே மிகை எழுச்சிக்கு வாயிலாவதுண்டு.

மனநிலை தடுமாறுதல்

உடலில் நிகழும் இம்மாற்றங்கள் மனநிலையில் எவ்வாறு வெளிப்படுகின்றன? சிறு தீப்பொறி ஈர விறகைப் பற்றாது. உலர்ந்த சருகைப் பற்றும். இளமைத் துன்பம் உள்ளத்தை உலர்ந்த சருகாக்கிவிடுகிறது எனலாம். இளமையில் கடுந்துன்பம் உற்ற இருமுனை மனநோயாளர், அவ்வாறு உறாதோரினும் குறைந்த அளவு நெருக்கடியிலேயே நோய் திரும்பப் பெற்றதைக் கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஆய்வொன்று 2006இல் காட்டிற்று. பிறர் எளிதிற் கடந்து செல்லும் ஒரு தேர்வுத் தோல்வியோ, இல்லத்துச் சச்சரவோ இவர்களை வீழ்த்திவிடுகிறது. இதனைக் கோழைத்தனம் எனவும் ஈமான் குறைவு எனவும் கூறி ஏசுவோர் உளர். நெடுநாள் உழைத்துத் தேய்ந்த உடற்பொறியின் தளர்ச்சி அது என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.

நோய் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அடுத்த வருகைக்கு வழி எளிதாகிறது என்னும் கருத்தை ராபர்ட் போஸ்ட் 1992இல் விரித்துரைத்தார். எனவே முதல் வருகையிலேயே மருத்துவம் தொடங்குதல் பெரும்பயன் தருவதாகும்.

உடல்நோய்களின் சுமை

இந்நோயாளரின் வாழ்நாளைக் குறைப்பது தற்கொலை மட்டுமே என்பது பொதுவான எண்ணம். சுவீடனில் 65 லட்சத்திற்கும் மேற்பட்ட மக்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு இதனைத் திருத்திற்று. இருமுனை மனநோய் உள்ள பெண்கள் சராசரியாக 9 ஆண்டுகளும் ஆண்கள் 8.5 ஆண்டுகளும் பிறரினும் முன்னதாக இறந்தனர். இதயநோய், நீரிழிவு, நுரையீரல் நோய்கள் ஆகியவையும் அதற்குக் காரணங்களாயின. மருந்துகள் சிலவற்றால் உடல் எடை கூடுதல், புகைப்பழக்கம், உடல்நோய்க்கு மருத்துவம் பெறாமை ஆகியவையும் இச்சுமைக்குத் துணைபோகின்றன.

இளமையில் பட்ட துன்பங்களின் தொகை மிகுந்த அளவிற்கு இந்நோயாளருக்கு வளர்ந்தபின் வரும் உடல்நோய்களின் எண்ணிக்கையும் மிகுவதைப் போஸ்ட் குழுவினர் 2013இல் எடுத்துரைத்தனர். தாங்குதலின் விலையாக உடல் தேய்வதை ஆய்வாளர் புரூஸ் மெக்வென் 1993 முதல் ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். கடன் வாங்கிக் காலந்தள்ளும் குடும்பம் பின்னாளில் வட்டியோடு அதனைக் கட்டுவது போல, அன்று அச்சத்தைத் தாங்கிய உடல் இன்று அதன் வட்டியைக் கட்டுகிறது. சுவீடன் ஆய்வு ஓர் ஆறுதலையும் தருகிறது. தம் உடல்நோய் முன்னரே கண்டறியப்பட்ட நோயாளரிடம் இறப்பின் மிகுதி குறைவாகவே இருந்தது. உரிய காலத்தில் செய்யும் மருத்துவம் உயிர்காக்கும் என்பதற்கு இது சான்று.

மாற்ற இயலாத விதியன்று

இளமையில் பட்ட வடு இறுதிவரை வாழ்வை ஆளும் எனக் கருதி நம்பிக்கை இழத்தல் வேண்டா. பேணும் தாயிடம் வளர்ந்த எலிக்குட்டி அமைதியுற்றதை முன்னர்க் கண்டோம். மனிதருக்கும் துணைகள் பல உள.

அவற்றுள் முதலாவது மருந்து. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் லித்தியம் உப்பினை மிகை எழுச்சி உற்ற 10 நோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். இன்றளவும் நோய் திரும்பாமற் காப்பதில் அதற்குத் தனியிடம் உண்டு. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதாகவும் அது கருதப்படுகிறது. அதன் அளவை அவ்வப்போது இரத்தப் பரிசோதனையால் அறிந்து கொடுத்தல் வேண்டும். நோன்புக் காலத்தில் நீர் அருந்தும் நேரமும் உறங்கும் நேரமும் மாறுவதால், லித்தியம் உட்கொள்வோர் அதற்கு முன்பே மருத்துவரைக் கலந்து நடத்தல் இன்றியமையாதது. உளச்சோர்வு மருந்தை மட்டும் தாமே வாங்கி உண்பது சிலரை மிகை எழுச்சியில் தள்ளிவிடும் என்பதும் அறியத்தக்கது.

இரண்டாவது, நோயைப் பற்றிய அறிவு. பார்சிலோனாவில் 120 நோயாளரிடம் நிகழ்த்தப்பெற்று 2003இல் வெளியான ஆய்வில், குழுவாக அமர்ந்து 21 அமர்வுகளில் நோயின் அறிகுறிகளையும் காப்பு முறைகளையும் கற்றோருக்கு நோய் திரும்புவது குறைந்தது. உறங்கும் நேரம், உண்ணும் நேரம், பிறரோடு பழகும் நேரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் பயிற்சியை எல்லன் ஃபிராங்க் குழுவினர் பிட்ஸ்பர்க்கில் வகுத்தனர். அதுவும் நற்பயன் தந்தது. மூன்றாவது, இளமைத் துயரைக் கேட்டறிதல். மருத்துவர் அதனைப் பரிவோடு வினவுதல் வேண்டும். நோயாளர் தயக்கமின்றிக் கூறுதல் வேண்டும். இளமைத் துயர் உடையோருக்கு மருந்துடன் உளவழிச் சிகிச்சையும், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் பரிசோதனையும் கூடுதலாகத் தேவைப்படும்.

இல்லமும் கல்விக்கூடமும் சமுதாயமும்

இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் வினவி 2007இல் வெளியிட்ட அறிக்கை, மூவரில் இருவர் உடலளவில் துன்புறுத்தப்படுவதாகவும், இருவரில் ஒருவர் உணர்வளவில் வதைக்கப்படுவதாகவும் தெரிவித்தது. மறுபுறம், தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இருமுனை மனநோயாளருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் மருத்துவம் பெறாதிருந்தனர். துன்பம் பெருகிக் கிடக்கும் நாட்டில் மருத்துவம் அருகிக் கிடக்கிறது என்பதே இவ்விரு கணக்குகளின் பொருள்.

இந்நிலை மாறுதற்கு ஒவ்வொருவருக்கும் கடமை உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக் குழந்தைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் ஒருங்கே தடைசெய்கிறது. இரண்டாவதாகக் கூறப்பட்டதே நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் மறக்கப்படுவது. நன்கு பயின்ற மாணவன் திடீரென உறக்கமின்றி ஆரவாரமாக நடப்பதையோ, வாரக்கணக்கில் ஒடுங்கியிருப்பதையோ கண்ட ஆசிரியர், அதனை ஒழுங்கின்மை என முடிவுசெய்யுமுன் நோயாக இருக்கலாமோ என எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெற்றோருள் ஒருவர் நோயுற்ற இல்லத்தில் குழந்தைக்குத் துணையாக ஒரு பாட்டியோ, மாமாவோ, அண்டை வீட்டாரோ இருப்பின், அக்குழந்தை பற்றி நிற்பதற்கு ஓர் ஊன்றுகோல் கிடைத்ததாகும்.

சமுதாயப் பெரியோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப இயலாது மாண்டனர். இளமையில் அச்சத்தால் பிணிக்கப்பட்டு நோயுற்ற ஒருவரை மீண்டும் இரும்பால் பிணிப்பது, புண்ணின் மேல் புண் செய்வதாகும். 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்துள்ளது. பிரார்த்தனை செய்வோர் செய்க. மருந்தும் உடன் நடைபெறுக. பெண் கொடுக்கல் வாங்கலுக்குத் தடையாகுமே என அஞ்சி நோயை மறைத்து, மருத்துவத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் வழக்கத்தைப் பெரியோர் முன்னின்று களைதல் வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணும், துன்புறும் குழந்தைகளுக்கு 1098 என்னும் எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன என்பதை ஒவ்வோர் இல்லமும் அறிந்திருத்தல் நலம்.

முடிவாக

இருமுனை மனநோய் மரபில் வேர்கொண்டது; பிள்ளைப் பருவத் துன்பம் அதனை முன்கூட்டி எழுப்பிக் கடுமையாக்குகிறது; அச்ச ஏற்பாடு, அழற்சி, உறக்கம் ஆகிய வழிகளால் உடலையும் மனநிலையையும் சேர்த்தே தேய்க்கிறது. நம் மரபணுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை. ஒரு குழந்தையிடம் இன்று மாலை எச்சொல்லைக் கூறுவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. அச்சொல் அக்குழந்தையின் உடலிலும் எழுதப்படுகிறது என்பதை உணர்ந்து பேசுவோமாக.